கும்பிடச் சொன்ன டாக்டரம்மா

ஓய்வு பெற்ற மறுமாதமே என் வலது முட்டி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருஷம் வார்டில் நின்றபோது வாய் திறக்காமல் இருந்தது, நான் நாற்காலியில் உட்காரும் நேரம் பார்த்து முனகுகிறது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு இந்தச் செய்தி தெரிந்ததிலிருந்து எனக்கு வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு அக்கா உருளைக்கிழங்கை நிறுத்தச் சொல்கிறார், வாயுவாம். காய்கறி வண்டிக்காரர் கத்தரிக்காய் கூடாது என்கிறார், அவருடைய வண்டியில் வாங்கினால் மட்டும் பரவாயில்லையாம். என் தம்பி, "நடக்காதக்கா, முட்டி தேஞ்சி பூடும்" என்கிறான். அவன் மனைவி, "வயசாயிடிச்சி இல்ல, அப்படித்தான்" என்று ஒரே வரியில் என் கதையை முடித்துவிடுகிறாள்.

போன வாரம் சித்ரா வந்திருந்தாள். என்னோடு கடைசி வருஷங்களில் வேலை பார்த்த செவிலியர், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். மூட்டு வலியோடு வருகிறவர்கள் கையில் போனைப் பிடித்துக்கொண்டு வந்து, அதில் யாரோ சொன்னதைக் காட்டி இவளோடு மல்லுக்கு நிற்கிறார்களாம். "நீங்க மூட்டு வலின்னு யார் வந்தாலும் மொதல்ல கும்பிடுவீங்களே சிஸ்டர், அது எங்கேருந்து வந்ததுன்னு எழுதிக் குடுங்க. நான் அதே மாதிரி செஞ்சா புதுசா வந்த பொண்ணுங்க சிரிக்கிறாங்க" என்றாள். சிரிக்கட்டும், நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம், மறுபடி விரித்தோம். மூட்டு வாதம் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பரீட்சையில் வராது என்று சீனியர்கள் சொன்னார்கள், வரவும் இல்லை. முதல் போஸ்டிங்கிலேயே வந்துவிட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு பக்கம் கோமுகித் தண்ணீரில் விளையும் கரும்பு, மறுபக்கம் கல்வராயன் மலை. கரும்பு வெட்டுகிறவர்களும் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். அங்கே டாக்டராக இருந்தவரை மரகதம் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரத்துக்காரர், குள்ளமான உருவம், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே நாங்கள் எல்லோரும் அவருக்குப் பயந்தோம்.

மூட்டு வலி என்று யார் வந்தாலும் எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்க மாட்டார். "கும்பிடுங்க" என்பார். வந்தவர் திகைத்துப்போய்க் கைகூப்புவார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். கை பிரியாமல் முழங்கைகளை மட்டும் உயர்த்தச் சொல்வார். அதன் பிறகு ஒரு கையை வாங்கி, விரல்கள் புறப்படுகிற இடத்தில் இருக்கும் கணுக்களைக் குறுக்காக ஒரு பிடி பிடிப்பார். சந்தையில் கொய்யா பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அளவு அழுத்தம்தான். கடைசியாகத் தன் புறங்கையை மூட்டின் மேல் வைத்துச் சூடு இருக்கிறதா, வீக்கம் மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "காலையில எழுந்து எவ்வளவு நேரம் கழிச்சி ஜடை போட முடியுது?" ஆண்களாக இருந்தால் ஜடைக்குப் பதில் சட்டைப் பொத்தான்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "எங்க வலிக்குதுன்னு கேட்டா எல்லாருக்கும் எல்லா எடத்துலயும் வலிக்கும் சிஸ்டர். என்ன செய்ய முடியலன்னு பார்த்தாதான் நோய் தெரியும்" என்றார். வேலை செய்து சாயங்காலம் வலித்தால் அது ஒரு சாதி வலி, தேய்மானம். தூங்கி எழுந்ததும் கை கால் இறுகிப்போய், வெயில் ஏற ஏற இளகிவந்தால் அது வேறு. அதுதான் மூட்டுக்குள்ளேயே நெருப்பு வைக்கிற வாதம். வாயுவுக்கும் உருளைக்கிழங்குக்கும் இரண்டிலும் வேலை இல்லை. "அப்போ எதுக்குக் கும்பிடச் சொல்றோம்னு அவங்ககிட்ட சொல்லிடலாமே" என்றேன். "சொன்னா அழுத்திச் சேர்த்துடுவாங்க. வலிய மறைக்கிறதுல நம்ம ஜனங்கள மிஞ்ச முடியாது" என்றார்.

சொல்லாமல் விட்டதால் ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. தன்னைக் கும்பிட்டால்தான் அந்த டாக்டரம்மா மருந்து கொடுக்கும் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சிலர் கேட்டிலிருந்தே கைகூப்பிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் கரியாலூரிலிருந்து மலை இறங்கி வந்த பெரியவர் ஒருவர், வெறும் கும்பிடு போதாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, அறைக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். முட்டியில் சூடு போட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன, வலிக்கு மலையில் அப்போது நடந்த வைத்தியம் அது. விழுந்தவர் தரையில் கை ஊன்றாமல் சட்டென்று எழுந்தும் நின்றார். டாக்டரம்மா முகம் மாறாமல், "முட்டி நல்லா இருக்கு பெரியவரே, என்ன தொந்தரவு?" என்று கேட்டார். இருமல்தான் தொந்தரவாம். முட்டி வலி அந்தச் சூடு போட்ட காலத்தோடு போய்விட்டதாகச் சொன்னார். சூட்டினால் போனதா, பயத்தினால் போனதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் வந்து சேரும் வரை. ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் யாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டுகிறார்கள் என்றெல்லாம் எல்லோரும் எல்லோரையும் கவனிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் நோயாளிகளைக் கும்பிடச் சொல்கிற டாக்டர் என்றால் சும்மா இருப்பார்களா?

ஒருநாள் காலை இளைஞர்கள் சிலர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் ஏழுமலை, ரைஸ் மில் லாரியில் வேலை பார்த்தவன். மரியாதையாகத்தான் பேசினான். "நாங்க யார் முன்னாலயும் கை கட்டி நிக்கக் கூடாதுன்னுதான் ரோட்டுல எறங்கிக்கினு இருக்கோம். நீங்க இன்னான்னா வைத்தியத்துக்கு வர்றவங்கள கும்புடச் சொல்றீங்களாம். இது நியாயமாங்க?"

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, ஏழுமலையைப் பார்த்து நன்றாகக் கைகூப்பி, "வணக்கம் தம்பி" என்றார். அவனும் அவன் பின்னால் நின்றவர்களும் யோசிக்காமல் பதிலுக்குக் கைகூப்பிவிட்டார்கள். டாக்டரம்மா வழக்கம்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உங்க எல்லாருக்கும் மணிக்கட்டு நல்லா இருக்கு. நீ கேட்டது நியாயம் தம்பி. இனிமே நான்தான் முதல்ல கும்பிடுவேன்."

பிறகு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ஏழுமலை தன் உள்ளங்கைகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வெளியே போனான். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் டாக்டர் முதலில் கும்பிடுவது வழக்கமாயிற்று. வைத்தியத்துக்கும் அதுதான் நல்லதாகப் போயிற்று. கேட்டு வாங்கும் கும்பிடை விட, பதிலுக்குத் தானாக வரும் கும்பிடில் கை பொய் சொல்லாது.

அஞ்சலை அகப்பட்டது அப்படித்தான். அவள் கை வலி என்று வரவே இல்லை, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆன சின்னப் பெண், கைக்குழந்தை, வாசலில் சைக்கிளோடு புருஷன் முருகேசன். டாக்டரம்மா கும்பிட்டார். இவளும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டாள். விரல் நுனிகள் மட்டும் தொட்டன. உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தையே வைக்கலாம் போல இடைவெளி.

டாக்டரம்மா கையை வாங்கிக் கணுக்களைப் பிடித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம்.

"காலையில எப்போம்மா ஜடை போட முடியுது?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் எங்க போடறதும்மா. அவருதான் பின்னி வுடுறாரு. யாராவது பாத்தா சிரிப்பாங்கன்னு, ஊர் முழிச்சிக்கிறதுக்கு முன்னாலயே."

கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வந்தது. அவர்கள் ஊர்ப் பக்கத்துக் கரும்பு வெட்டுக் கூட்டத்தில் புருஷன் பெண்டாட்டியை ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள். அவன் வெட்ட வெட்ட அவள் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுக் கட்ட வேண்டும், இரண்டு பேரும் விடிந்ததும் ஒன்றாக இறங்க வேண்டும். அஞ்சலைக்கு அந்த நேரத்தில் கை மடங்காது. வெயில் ஏறிவிட்டால் மற்றவர்களுக்குச் சமமாகக் கட்டுவாள். காலையில் நடிப்பு, அப்புறம் வேலையா என்று வெட்டுக் கூட்டத்து மேஸ்திரி பேச ஆரம்பித்தான். வயல்காரரோ ஊரில் பெரிய மனிதர், பழைய மணியக்காரர் குடும்பம், இன்னும் அவரை மணியக்காரர் என்றுதான் சொல்வார்கள். விடியற்காலையில் அவர் வரப்பில் வந்து நின்றால் எல்லோரும் வேலையை நிறுத்திக் கும்பிடுவது அங்கே பழக்கம். அஞ்சலையும் கும்பிட்டாள், அதே பாதிக் கும்பிடு. மணியக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "ரோட்டுல மரம் வுழுந்தாலும் வுழுந்திச்சி, கும்புடுறதுக்குக் கூட இவங்களுக்குக் கை சேர மாட்டேங்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மறுநாளிலிருந்து அந்த ஜோடி வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான்.

"எங்க மாமியாரு என்னை நைனார்பாளையத்துக்கு எங்கம்மா வூட்டுக்கே அனுப்பிடலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. அவருக்கு அவங்க அக்கா பொண்ண ஜோடி சேத்து வேலைக்கு அனுப்பறாங்களாம். இப்ப வேலைக்கு மட்டும்தான் ஜோடின்றாங்க. அப்புறம் இன்னான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவளை விடச் சில வயதுதான் எனக்கு அதிகம்.

"எனக்கு இன்னாம்மா, கெழவிங்களுக்கு வர்ற நோவா?" என்று கேட்டாள்.

"இல்ல. இது சின்ன வயசுப் பொண்ணுங்களத் தேடி வர்ற நோய். குழந்த பெத்தப்புறம் ஜாஸ்தியா தலை காட்டும்."

"பச்ச ஒடம்புல பச்சத் தண்ணில துணி தொவச்சேன். அதனாலதான்னு சொல்றாங்க."

"தண்ணி மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல."

சரியான மருந்தைத் தாமதிக்காமல் ஆரம்பிக்காவிட்டால் விரல்கள் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். ரத்தம் பார்க்கவும் மருந்து ஆரம்பிக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் காலையில் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். அஞ்சலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "மணியக்காரருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா அவரைத் தேடிப் போகவில்லை, அவரே வந்தார். முட்டி வலிக்குக் கள்ளக்குறிச்சியில் தனியார் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர், ரோடு அடைபட்டுவிட்டதால் எங்கள் பெஞ்சுக்கு வர வேண்டியதாயிற்று. முட்டியில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. டாக்டரம்மா எழுந்து கும்பிட்டார், அவரும் கும்பிட்டார். கையில் குறையில்லை. டாக்டரம்மா கீழே உட்காரச் சொன்னார். அவர் பாதி மடங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எங்கங்க உக்கார்றது. இந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவுல வுழுந்து கும்புடக் கூட முடியல. நின்னுக்கினே கும்புட்டுட்டு வந்தேன்."

"அம்மன் கோவிச்சிக்கிச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அது எப்படிங்க? என் முட்டி மடங்கலன்னு அதுக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா அவர் முட்டியில் புறங்கையை வைத்தபடியே, "அஞ்சலைக்கும் கை மடங்கல" என்றார்.

மணியக்காரர் நிமிர்ந்து பார்த்து, "இந்த வயசுலயா?" என்றார்.

"இந்த வயசுலதான்."

"காலையில நடிக்கிறா, வெயில் வந்தா நல்லா வேல செய்றான்னு மேஸ்திரி சொன்னானே."

"அதுதாங்க அந்த நோயே."

அதற்கு மேல் அஞ்சலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டரம்மா கம்பளித் துணியை அவிழ்க்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். முட்டியைச் சும்மா வைத்திருந்தால் இன்னும் இறுகும், தினமும் நடங்க என்றார். மணியக்காரர் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல இரண்டு தடவை செய்து காட்டிவிட்டுப் போனார். போகும்போது கும்பிட மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி முருகேசன் வீட்டுக்குப் போனானாம். "நீ விடிஞ்சதும் எறங்கு, அது வெயில் வந்தப்புறம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, யார் சொன்னார்கள் என்று சொல்லாமலே திரும்பிவிட்டான். விடியற்காலையில் வரப்புக்கு வருவதை மணியக்காரர் நிறுத்திக்கொண்டார். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வருவார். ஏன் என்று கேட்டவர்களிடம், காலையில் முட்டி வலிக்கிறது என்றாராம். அவருடையது சாயங்காலம் வலிக்கிற முட்டி. எனக்கும் டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.

வேலை திரும்பிவிட்டது, கை இன்னும் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து போலீஸ் காவலோடு பஸ் விடுகிறார்கள் என்று தெரிந்ததும் முருகேசன் அவளையும் குழந்தையையும் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். எனக்கும் விடுப்பில் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது, கூடவே நடந்தேன். அப்போதெல்லாம் என் முட்டி என் பேச்சைக் கேட்கும். பாதி வழியில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது, அதன் மேல் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முருகேசன் சைக்கிளை நிறுத்திவிட்டான்.

மரத்தின் மேலிருந்து ஏழுமலை இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வணக்கம் சிஸ்டர்" என்று டாக்டரம்மா மாதிரியே தலையைச் சாய்த்துக் கும்பிட்டான். அஞ்சலை பயத்தில் தானும் கும்பிட்டாள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கைகளையே பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்காங்க?"

"ஆமா தம்பி" என்றேன்.

ஏழுமலை சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். இன்னொருவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். அஞ்சலை கிளையைப் பிடித்து ஏற முடியாமல் நின்றபோது, முருகேசன் எல்லோர் முன்னாலும் அவளை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினான். வெட்கத்தில் அவள் கொஞ்ச தூரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சந்தேகப்பட்டதைத்தான் சொன்னார்கள், மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாது, அங்கேதான் எல்லோரும் மனம் தளர்ந்து வேறு பொடி, வேறு ஊசி என்று போய்விடுவார்கள். அஞ்சலையும் போகப் பார்த்தாள். அவளை நிறுத்தி வைப்பதுதான் எனக்கு அந்த வருஷத்தின் முக்கியமான வேலையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா கும்பிடுவார், அவள் கும்பிடுவாள், நான் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தைப் பார்ப்பேன். எலுமிச்சம்பழம் நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் சுண்டைக்காயாயிற்று. முழுக்கச் சேரவே இல்லை, இடது கையில் ஒரு விரல் கோணல் நின்றுவிட்டது. ஆனால் அடுத்த வெட்டுக்கு அவள் முருகேசனோடு விடிந்ததும் இறங்கினாள்.

அதற்கப்புறம் ஒருநாள் மாத்திரை வாங்க வந்தாள். முருகேசன் வழக்கம்போல வாசலில், நடை பழகும் குழந்தையைத் துரத்திக்கொண்டிருந்தான். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஜடை போட முடியுதா?"

"முடியுதும்மா. நல்லாவே முடியுது."

டாக்டரம்மா அவள் தலையைப் பார்த்தார். ஜடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, பாதி வழியில் தளர்ந்து தொங்கியது. "அப்போ இது யார் போட்டது?"

அஞ்சலை வாசலைப் பார்த்துவிட்டு, மேஜையின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அவருதான். கை சரியாயிடிச்சின்னு அவருகிட்ட நான் இன்னும் சொல்லலம்மா. நீங்களும் சொல்லிடாதீங்க."

டாக்டரம்மா வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார். இத்தனை வருஷம் அப்படியே இருந்தது. இப்போது சித்ரா கேட்டாள் என்று எழுதிவிட்டேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். முருகேசன் இதைப் படிக்க நேர்ந்தால், தெரியாத மாதிரியே இருந்துவிடட்டும்.